பாசிமணி கோத்த பருத்தி நூல் கைச்சரம்: குரோஷே பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கொக்கிமுனை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே கலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஊசியும் நூலும் வாங்குகிறவர்களில் பலர், முதல் வேலையாகக் குழந்தைக்கு ஒரு போர்வையையோ தோளில் போட்டுக்கொள்ளும் சால்வையையோ தொடங்கி, இருபது முப்பது வரிசைகளுக்குப் பிறகு அலுத்துப்போய் அதைப் பையோடு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தடித்த நூலுருண்டையை மடியில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வெக்கையில் மாதக்கணக்கில் பின்னிக்கொண்டிருப்பது யாருக்கும் எளிதன்று. அதனால், எதில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஐந்தே வரிசைகளில் முடிந்துவிடும் ஒரு கைச்சரத்தைத்தான் சொல்கிறேன். நாம் வழக்கமாகப் பிரேஸ்லெட் என்று சொல்லும் அணிதான் இது. மெல்லிய பருத்தி நூலும் அறுபது பாசிமணிகளும் இருந்தால் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் முடித்துக் கையில் போட்டுக்கொள்ளலாம். சிறிய வேலை என்பதால், தவறிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கவும் மனம் வரும்.

இங்கே நாம் பின்னப்போவது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் பதினாறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டை. அதன் முகப்பில் மணிகள் இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக மறுவரிசையின் மணி வந்து அமரும்படி நிற்கும். ஒரு முனையில் பொத்தானும் மறுமுனையில் நூலாலேயே பின்னிய வளையமும் இருக்கும். மணி வைத்துப் பின்னுவதில் புதியவர்கள் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்களே உண்டு. மணிகளையெல்லாம் பின்னத் தொடங்கும் முன்பே நூலில் கோத்துவிட வேண்டும் என்பது ஒன்று. மணி எப்போதும் நம் கண்ணுக்கு எதிரே விழாமல் பின்னலின் மறுபக்கத்தில் போய் விழும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மனத்தில் பதிந்துவிட்டால் மீதியைக் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

நூல், மணி, ஊசி

நூலில் 10ஆம் எண் குரோஷே பருத்தி நூலை வாங்குங்கள். நூலின் எண் கூடக் கூட அது மெலிந்துகொண்டே போகும் என்பதால், 20ஆம் எண் நூல் இதைவிட மெல்லியது, 5ஆம் எண் நூல் இதைவிடத் தடித்தது. உருண்டையின் தாள்பட்டையில் மெர்சரைஸ்டு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பருத்தி இழையைக் காரச்சோடாக் கரைசலில் நனைத்தால் அது உருண்டு திரண்டு, சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது என்பதை 1844இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மெர்சர் கண்டறிந்தார். நூலை இழுத்துப் பிடித்த நிலையில் இதைச் செய்தால் பட்டுபோன்ற மினுமினுப்பும் வரும் என்பது 1890ஆம் ஆண்டில் ஹோரஸ் லோ என்பவர் சேர்த்த நுட்பம். நமக்கு அதனால் கிடைக்கும் பயன் மிக நேரடியானது: இவ்வகை நூலில் பிசிறு குறைவு. அறுபது மணிகள் நூலின் மேல் மீண்டும் மீண்டும் முன்னும் பின்னும் நகரப்போகின்றன. பிசிறுள்ள சாதாரண நூலாக இருந்தால் மூன்றாம் வரிசைக்குள்ளேயே அது பஞ்சுபோல் கிளம்பிவிடும்.

பாசிமணிகளுக்கு 6/0, 8/0, 11/0 என்று அளவு குறிப்பிடுவார்கள். இங்கேயும் எண் பெரிதானால் மணி சிறிது. 6/0 ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், 8/0 ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 11/0 ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். முதன்முதலில் பின்னுகிறவர்களுக்கு 6/0 மணியே ஏற்றது. துளை பெரியது, விரலுக்குப் பிடிபடும், 10ஆம் எண் நூல் தடையில்லாமல் ஓடும். மியூக்கி, தோஹோ போன்ற ஜப்பானிய மணிகள் அளவில் மிகவும் சீராக இருக்கும். விலை சற்றுக் கூடினாலும் வரிசை நேராக நிற்பதற்கு அந்தச் சீரே காரணமாக இருப்பதால், முதல் கைச்சரத்துக்கு அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மணிகளை வாங்கிவந்ததும் நாலைந்தை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேயுங்கள். சாயம் துணியில் ஒட்டினால் அந்த மணிகளை விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கட்டில் எப்போதும் வேர்வை இருக்கும். சாயம் போகும் மணி ஒரே வாரத்தில் வெளிறி, நூலிலும் கறை ஏற்றிவிடும்.

மணி வேலைப்பாடு என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது, சீன, மலாய்ப் பண்பாடுகள் கலந்த பெரனாக்கான் சமூகத்துப் பெண்களின் கைத்திறன். காத்தோங் வட்டாரத்தில் இன்றும் காணக் கிடைக்கும் கசூட் மானேக் என்னும் மணிக்காலணிகளில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் கடுகளவு மணிகளை ஒவ்வொன்றாக ஊசியால் தைத்திருப்பார்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளால் ஆன மேசைவிரிப்பு ஒன்று இருக்கிறது. நாம் செய்யப்போவது தையல் வேலை இல்லை, பின்னல் வேலை. ஆனாலும் அதன்முன் பத்து நிமிடம் நின்றால், மணிகள் சீராக அமைந்தால் கண்ணுக்கு எப்படியிருக்கும் என்பது புரிந்துவிடும்.

ஊசிக்கு வருவோம். கொக்கிமுனை கொண்ட எஃகு ஊசியில் 1.5 மில்லிமீட்டர் ஒன்றும் 1.75 மில்லிமீட்டர் ஒன்றும் தேவை. ஊசியின் பிடியில் உள்ள எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய ஊசிகளில் 0 என்று போட்டிருப்பது 1.75 மில்லிமீட்டர், 2 என்று போட்டிருப்பது 1.5 மில்லிமீட்டர், அமெரிக்க எஃகு ஊசிகளின் எண்வரிசை வேறு. இரண்டும் இங்குள்ள கடைகளில் பக்கத்துப் பக்கத்திலேயே தொங்குவதால் மாறிப்போவது மிக எளிது. இவற்றோடு நுனி மழுங்கிய மொட்டை ஊசி ஒன்று, நுனி கூர்மையான சிறு கத்தரிக்கோல், அளவுநாடா, அடிப்பக்கத்தில் காதுள்ள 10 மில்லிமீட்டர் பொத்தான் ஒன்று, வேறு நிறத்தில் நாலைந்து துண்டு நூல் ஆகியவை இருந்தால் போதும்.

இவற்றை வாங்க, சைனாடவுனில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. நூல், மணி, ஊசி விற்கும் கடைகள் அங்கே ஒரே கட்டடத்தில் இருப்பதால், நூலின்மேல் மணியை வைத்து நிறப் பொருத்தம் பார்த்து வாங்கலாம். பொத்தானுக்கு மட்டும் என்றால் தேக்கா நிலையத்தின் மாடியில் உள்ள தையல் கடைகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். முதல் வேலைக்கு வெளிர்நிற நூலை வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்பது பழகிய கண்ணுக்கே இரவு விளக்கில் தெரியாது.

கை பழகட்டும்

மணியைத் தொடும் முன், வெறும் நூலில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே அமருங்கள். ஈரக்கையில் பருத்தி நூல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், வெளிர்நிறமானால் அழுக்கும் ஏறும்.

நூலின் நுனியில் ஓர் உருவாஞ்சுருக்குப் போட்டு, அதை 1.75 மில்லிமீட்டர் ஊசியில் மாட்டிக்கொள்ளுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூல் இடக்கையில் இருக்க வேண்டும். அதைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில் விட்டு, சுட்டுவிரலின் மேலாக எடுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் பின்னலின் அடியைப் பிடித்துக்கொள்ளும். சுட்டுவிரல் நூலைத் தூக்கி நிறுத்தும். சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மல்லிகை கட்டுகிறவர்களின் கைகளை நின்று பாருங்கள். அவர்கள் நூலை இறுக்குவதும் இல்லை, தொங்கவிடுவதும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு நூல் விரலிலிருந்து வழுகி இறங்கும். குரோஷேயிலும் பழக வேண்டியது அந்தச் சீரைத்தான். சுண்டுவிரல் சுற்று நூலை விடாமல் பிடித்தால் பின்னல் கல்லாக இறுகும். சுற்றே இல்லாவிட்டால் கண்ணிகள் ஆளுக்கொரு அளவில் வரும்.

ஊசியைச் சுட்டுவிரல் நூலுக்கு அடியில் விட்டு, கொக்கியில் நூலைப் பிடித்து, ஊசியில் ஏற்கெனவே உள்ள கண்ணிக்குள் இழுத்தால் ஒரு சங்கிலித் தையல் கிடைக்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் சங்கிலி நீளும். ஊசியில் இருக்கும் கண்ணியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குக் கீழே வி வடிவில் தெரிபவற்றை மட்டும் எண்ண வேண்டும். 21 சங்கிலி போட்டபின் 1.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறிக்கொள்ளுங்கள். அடிச்சங்கிலியை மட்டும் பெரிய ஊசியில் போடுவது, பட்டையின் கீழ்விளிம்பு இறுகி வில்போல் வளையாமல் இருப்பதற்காக.

இனி ஒற்றைக் குரோஷே. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் கொக்கியை நுழைத்து, நூலைப் பிடித்து இந்தப் பக்கம் இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் பிடித்து, இரண்டு கண்ணிகள் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். ஒரு தையல் முடிந்தது. இப்படியே கடைசிவரை போனால் 20 தையல்கள் வரும். அடுத்த வரிசைக்கு ஒரு சங்கிலி போட்டு, பின்னலைத் திருப்பி, கீழ்வரிசைத் தையலின் தலையில் தெரியும் வி வடிவத்தின் இரண்டு கால்களுக்கும் அடியில் கொக்கியை விட்டுப் பின்னுங்கள். திருப்பும்போது போடும் அந்த ஒரு சங்கிலி உயரத்துக்காக மட்டுமே, அதைத் தையலாக எண்ணுவதில்லை.

பெயர்க்குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மேலே சொன்ன தையலை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பார்கள். அதையேதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். நம் நூலகங்களில் இரண்டு நாட்டுப் புத்தகங்களும் ஒரே அடுக்கில் இருக்கும். சிங்கிள் என்ற சொல் ஒரு புத்தகத்தில் வந்தால் அது அமெரிக்க முறை என்று தெரிந்துகொள்ளலாம். இதைக் கவனிக்காமல் பின்னினால் பட்டையின் உயரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

அளவும் கணக்கும்

நாலைந்து வரிசை பின்னிய அந்தச் சிறு துண்டைத் தூக்கி எறியாதீர்கள்; அதுதான் உங்கள் அளவுகோல். அதை இழுக்காமல் மேசைமேல் வைத்து 20 தையல்களின் அகலத்தை அளந்து பாருங்கள். அது 5.2 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 20ஐ 5.2ஆல் வகுக்க ஒரு சென்டிமீட்டருக்கு 3.85 தையல்கள். உங்கள் மணிக்கட்டைச் சுற்றி, எலும்புக்குச் சற்று மேலாக அளவுநாடாவை வைத்து அளந்து, அதோடு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு 15, பட்டை 16 என்றால் 3.85ஐ 16ஆல் பெருக்க 61.6 வரும், 61 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். இரட்டைப்படையாக வந்தால் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

மணிக்கணக்கு இன்னும் எளிது. இந்த வடிவத்தில் முதல் மணி வரிசைக்கு 30, இரண்டாவதற்கு 29, ஆக 59 மணிகள். எந்த அளவில் பின்னினாலும் தையல்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் மணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 55 தையல் என்றால் 53 மணி. ஆனால் கணக்குக்குச் சரியாகக் கோக்காதீர்கள். ஆறேழு மணிகள் கூடுதலாக இருக்கட்டும். நான் முதன்முதலில் பின்னிய கைச்சரத்துக்கு எண்ணி 59 மட்டுமே கோத்தேன். ஒரு மணி நூலில் சிக்கி உடைந்தது. இன்னோரிடத்தில் ஒரே தையலில் இரண்டு மணிகள் புகுந்ததை நான் கவனிக்கவில்லை. நான்காம் வரிசை முடிய ஐந்து தையல்களே இருந்தபோது நூலில் மணி தீர்ந்துவிட்டது. பின்னலில் சேர்ந்துவிட்ட நூலில் இடையே மணியைப் புகுத்த வழியில்லை; உருண்டையிலிருந்து நூலை அறுத்து, அறுத்த நுனி வழியாகப் புதிய மணிகளை ஏற்றி, மீண்டும் முடிச்சிட்டுத் தொடர வேண்டியதாயிற்று. அந்த முடிச்சு இன்றும் உள்பக்கத்தில் கையை உறுத்துகிறது. மணி மிஞ்சினால் எந்தத் தொல்லையும் இல்லை, கடைசியில் நூலை வெட்டும்போது உருவி எடுத்துக்கொள்ளலாம்.

மணி கோத்தல்

10ஆம் எண் நூலைச் சாதாரண ஊசியில் நுழைத்தால் அந்த ஊசி மணிக்குள் போகாது. மணிக்குள் போகும் ஊசியில் இந்த நூல் நுழையாது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய தையல் நூலை இருபது சென்டிமீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து, அதன் இரு நுனிகளையும் மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மடிப்பு ஒரு வளையமாகத் தொங்கும். அந்த வளையத்துக்குள் குரோஷே நூலின் நுனியைப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு மடித்துவிடுங்கள். இனி ஊசியால் மணிகளைக் குத்தியெடுத்துத் தள்ளினால், அவை தையல் நூல்மேல் ஏறி, வளையத்தைத் தாண்டி, குரோஷே நூலில் இறங்கிவிடும். மணிகளைத் தட்டில் கொட்டினால் உருண்டோடும்; ஒரு பழைய துவாலைத் துண்டின்மேல் பரப்பினால் அசையாமல் இருக்கும். வேறொரு வழி, நூலின் நுனியில் இரண்டு சென்டிமீட்டருக்கு நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, சாய்வாக வெட்டி, அதையே ஊசியாகப் பயன்படுத்துவது. எழுபது மணிக்குள் என்றால் இது போதும்.

எந்த மணியாவது தள்ளும்போது இறுக்கமாக ஏறினால் அதைக் கழித்துவிடுங்கள். துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும் மணி, நூலை உள்ளிருந்து அறுக்கும்.

இரண்டு நிறங்களில் மணி வைக்க விரும்புகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கடைசியாகக் கோத்த மணிதான் பின்னும்போது முதலில் கைக்கு வரும். ஆகவே முதல் மணி வரிசைக்குச் சிவப்பும் இரண்டாவதற்கு வெள்ளையும் வேண்டுமென்றால், வெள்ளையை முதலில் கோத்து அதன்மேல் சிவப்பைக் கோக்க வேண்டும்.

கோத்து முடித்ததும் மணிகளை உருண்டைப் பக்கமாக ஒரு மீட்டர் தூரத்துக்குத் தள்ளிவிட்டு, உருண்டையை மூடியில் சிறு பிளவுள்ள டப்பாவில் வைத்துக்கொண்டால் நூல் தரையில் புரளாது.

ஐந்து வரிசைகள்

உருவாஞ்சுருக்கின் நுனியில் பதினைந்து சென்டிமீட்டர் வால் விட்டுத் தொடங்குங்கள். 1.75 மில்லிமீட்டர் ஊசியில் 62 சங்கிலி போடுங்கள். ஊசியை மாற்றிக்கொண்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து தொடங்கி 61 ஒற்றைக் குரோஷே பின்னினால் முதல் வரிசை முடியும். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் நிறநூல் துண்டைச் செருகி வையுங்கள். புதியவர்கள் வரிசையின் கடைசித் தையலைக் காணாமல் விட்டுவிடுவது வழக்கம். அப்படி வரிசைக்கு ஒன்று குறைந்தால் பட்டை ஒருபக்கம் குறுகிக்கொண்டே போகும், மணிக்கணக்கும் தவறும்.

இப்போது மணி வரும் இரண்டாம் வரிசை. ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். முதல் தையலில் வெறும் ஒற்றைக் குரோஷே. அடுத்த தையலில் கொக்கியை நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும் நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். சுட்டுவிரல் பக்கமிருந்து ஒரு மணியை நூல்வழியே தள்ளிக் கொண்டுவந்து, பின்னலின் முதுகில் ஒட்டும்படி வையுங்கள். மணி அங்கேயே நிற்கும்படி நடுவிரல் நுனியால் இலேசாக அழுத்திக்கொண்டு, மணிக்கு அப்பால் உள்ள நூலைக் கொக்கியால் பிடித்து இரண்டு கண்ணிகளின் வழியாகவும் இழுங்கள். மணி பின்பக்கத்தில் பூட்டப்பட்டுவிட்டது. பின்னலைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். அது மறுபக்கத்தில் நிற்பது தெரியும். அந்த மறுபக்கமே கைச்சரத்தின் முகப்பு. அடுத்த தையல் வெறுமை, அதற்கடுத்தது மணி என்று மாறி மாறிப் போய், கடைசித் தையல் வெறுமையாக முடிய வேண்டும். 30 மணிகள் வந்திருக்கும்.

மணி தளர்ந்து தொங்கினால், அதைத் தள்ளிய பிறகு நூலை இழுத்துச் சரிசெய்யாமல் பின்னியிருக்கிறீர்கள் என்று பொருள். மணியை ஒட்டவைத்ததும் சுட்டுவிரலை ஒரு மயிரிழை உயர்த்தினால் நூல் நிமிரும். பிறகு கொக்கியால் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு மணிகளுக்குள் இந்த அசைவு பழகிவிடும்.

மூன்றாம் வரிசையில் மணி இல்லை. மணிகள் நிற்கும் முகப்பு இப்போது உங்களை நோக்கியிருக்கும். 61 வெறும் தையல்கள். மணிக்குப் பின்னால் உள்ள தையலின் தலை சற்று ஒளிந்திருக்கும்; கட்டைவிரலால் மணியைக் கீழே தள்ளினால் வி வடிவம் தெரியும். நான்காம் வரிசையில் மீண்டும் மணி. ஆனால் இம்முறை முதல் இரண்டு தையல்களையும் வெறுமையாகப் பின்னி, மூன்றாவதில் மணி வைத்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகப் போங்கள். 59ஆவது தையலில் கடைசி மணி வரும். 60, 61 இரண்டும் வெறுமை. 29 மணிகள். இவை இரண்டாம் வரிசை மணிகளின் இடைவெளிகளுக்கு நேராக அமரும். ஐந்தாம் வரிசை மீண்டும் வெறும் தையல்கள்.

எழுந்துபோய்த் திரும்பி வந்து உட்காரும்போது, அடுத்தது மணி வரிசையா வெறும் வரிசையா என்ற ஐயம் வரும். முதல் சுருக்கின் நூல்வாலைப் பாருங்கள். வலக்கையால் பின்னுகிறவர்களுக்கு, அந்த வால் கீழே இடப்பக்கம் தொங்கினால் முகப்பு உங்களை நோக்கியிருக்கிறது, வெறும் வரிசை. வலப்பக்கம் தொங்கினால் மணி வரிசை. இடக்கையால் பின்னுகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். முகப்பை நோக்கிய வரிசையில் மணி வைத்துவிட்டால் அது உள்பக்கம் போய்த் தோலை உறுத்தும். கண்டவுடன் பிரித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரே இடத்தில் இரண்டு மணிகள் புகுந்துவிட்டதை வெகுதூரம் வந்தபின் கண்டால், பிரிக்க மனமில்லாவிட்டால், ஒரு மணியை உடைத்து எடுக்கலாம். குறடால் மணியைப் பக்கவாட்டில் நசுக்கினால் உடைந்த கண்ணாடி உள்ளிருக்கும் நூலை வெட்டிவிடும். அதனால், தடித்த ஊசி ஒன்றை மணியின் துளைக்குள் அழுத்தமாக நுழைத்து, மணி வெளிப்புறமாகத் தெறித்து உடையும்படி செய்யுங்கள். கண்களுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, மணியைத் துணியால் மூடியபடி செய்ய வேண்டிய வேலை இது.

வளையமும் பொத்தானும்

ஐந்தாம் வரிசை முடிந்ததும் நூலை வெட்டாதீர்கள். மிஞ்சிய மணிகளை உருண்டைப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு சங்கிலி போட்டு, பட்டையின் குறுகிய விளிம்பு மேலே வரும்படி திருப்புங்கள். ஐந்து வரிசைகளின் ஓரங்களும் படிகளைப்போல் தெரியும். முதல் இரண்டு ஓரங்களில் ஒவ்வோர் ஒற்றைக் குரோஷே. பிறகு 8 சங்கிலி. நடு ஓரத்தைத் தாண்டி, மீதி இரண்டு ஓரங்களிலும் ஒவ்வோர் ஒற்றைக் குரோஷே. இந்த நிலையில் பொத்தானை வளையத்துக்குள் விட்டுப் பாருங்கள். சற்றுத் தாராளமாகவே நுழைய வேண்டும், ஏனெனில் அடுத்த வரிசை உள்ளளவைக் குறைக்கும். போதாவிட்டால் ஒன்றிரண்டு சங்கிலிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, இரண்டு தையல்கள் பின்னி, சங்கிலி வளையத்தைச் சுற்றி நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு ஒற்றைக் குரோஷே நிரப்பி, கடைசி இரண்டு தையல்களையும் முடியுங்கள். அன்றாடம் மாட்டிக் கழற்றும்போது இழுபடுவது இந்த வளையம்தான். வெறும் சங்கிலியாக விட்டால் சில மாதங்களில் நைந்துவிடும்.

பதினைந்து சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக முழுவதும் உருவி இறுக்குங்கள். தொடக்க வாலும் இந்த முனையிலேயே இருக்கும். இரண்டு வால்களையும் மொட்டை ஊசியில் கோத்து, உள்பக்கத்தில் தையல்களின் அடியாக மூன்று சென்டிமீட்டர் ஒரு திசையில் கொண்டுபோய், ஒரு தையலைத் தாண்டித் திரும்பவும் எதிர்த்திசையில் கொண்டுவந்து, ஒட்ட வெட்டுங்கள். மெர்சரைஸ்டு நூல் வழுக்கும் தன்மையுடையது. ஒரு திசையில் மட்டும் செருகினால் துவைக்கும்போது வெளியே வந்துவிடும்.

பொத்தானை எதிர்முனையில், முகப்புப் பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு தையல் உள்ளே தள்ளித் தையுங்கள். இதற்கு அதே நூலில் நாற்பது சென்டிமீட்டர் தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். பொத்தானின் காது வழியாக நான்கைந்து முறை போய்வந்தபின், பொத்தானுக்கும் பட்டைக்கும் இடையில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் வளையம் அமர இடம் கிடைக்கும்.

போட்டுக்கொள்வதும் பேணுவதும்

புதிதாகப் பின்னிய பட்டை கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். அதை நீரில் நனைத்து, துவாலையில் ஒற்றி, நேராக விரித்து, ஓரங்களில் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்தி, நிழலில் காயவிட்டால் தட்டையாக நிற்கும். சூடான இஸ்திரிப் பெட்டியை மணிகளின்மேல் வைக்க வேண்டாம்.

பருத்தி வேர்வையை உறிஞ்சும். அன்றாடம் அணிகிறவர்கள் வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரில் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, விசிறிக் காற்றில் முழுதாக உலர்த்திவிட வேண்டும். ஈரம் போகும் முன் டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். எஃகு ஊசிகளுக்கும் இதே கவனம் தேவை. வேலை முடிந்ததும் துடைத்து, மருந்துக் குப்பிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் துரு ஏறாது. துரு ஏறிய கொக்கி வெளிர்நிற நூலில் பழுப்புக்கோடு போட்டுவிடும்.

பரிசாகக் கொடுப்பதானால், பெறுகிறவரின் மணிக்கட்டு அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாமற்போனால் பட்டையின் முனையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பொத்தான்களைத் தைத்துவிட்டால் இரண்டு அளவுக்கும் பொருந்தும். வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் வயதில் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் இதை அணிவிக்காதீர்கள். எவ்வளவு நன்றாகப் பின்னினாலும் நூல் ஒருநாள் அறும், 4 மில்லிமீட்டர் மணி தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு இதே 61 தையல் பட்டையை, கணக்கைக் குறைத்து, மணி இல்லாமல், இரண்டு நிற நூலில் பின்னி, பொத்தானுக்குப் பதிலாக இரு முனைகளிலும் சங்கிலி விட்டுத் தளர்வாக முடிச்சிட்டுக் கொடுக்கலாம்.